ஐந்தாம் நம்பர் அட்டை

செல்வமலர் வீட்டுச் சமையலறை லைட்டைப் போடுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் கதவை முழங்கையால் தள்ளவேண்டும். பிறகு கொஞ்சம் பலமாக இருமவேண்டும். இருமிவிட்டுப் பத்து வரை எண்ணவேண்டும். அதன் பிறகுதான் சுவிட்சில் கை வைக்கலாம். உள்ளே இருப்பவை ஒளிந்துகொள்ள அவகாசம் கொடுத்துவிட்டால் அவற்றைக் காணவேண்டியதில்லை. கண்ணால் காணாததை இல்லை என்று சொல்வது பொய்யும் இல்லை. பெரிய சைவக்காரி, பொய் சொல்லமாட்டா.

மார்கழி மாதம். நோர்பரியில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. அன்று பத்து எண்ணியது போதவில்லை. லைட் எரிந்தபோது கெற்றிலின் மூடிமேல் ஒன்று இருந்தது. விரல் நகம் அளவு, மண்ணிறம், இரண்டு மீசை. ஓடவில்லை. மீசையை மட்டும் மெல்ல ஆட்டி, "நீ யார், இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை" என்று கேட்பதுபோல இருந்தது.

"எத்தினை?" என்று ஹோலிலிருந்து சபாரத்தினத்தார் குரல் வந்தது. அவர் உள்ளே வரமாட்டார். முப்பது வருடங்களுக்கு முன்பு ஷெல்லடிக்குள் சைக்கிளில் போய்ப் பாண் வாங்கிவந்த மனிதர் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வார். கரப்பொத்தான் என்றால் மாடிப்படியில் மூன்றாவது படிக்கு ஏறிவிடுவார்.

"ஒண்டுதான்."

"ஒண்டைக் கண்டா நூறு இருக்குதெண்டு அர்த்தம், மலர்."

"வாயை மூடுங்கோ. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

பக்கத்து வீட்டுக்கு எப்போதோ கேட்டுவிட்டது. ஐப்பசியில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை, பெயர் எழுதாத வெள்ளை வான் ஒன்று அவர்கள் வாசலில் நின்றதையும், முதுகில் டாங்கி கட்டிய ஒருவன் உள்ளே போனதையும், அன்று முழுக்க இரண்டு பேரும் மழைக்குள் ஜன்னலெல்லாம் திறந்துவைத்திருந்ததையும் அந்தத் தெருவில் பார்க்காதவர்கள் கண் தெரியாதவர்கள் மட்டும்தான். "போய்லர் செக் பண்ண வந்தவங்கள்" என்று செல்வமலர் சொன்னாள். போய்லருக்கு மருந்தடிக்கிற ஊர் எது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. முகத்துக்கு முன்னால் கேட்காமல் இருப்பது ஒரு மரியாதை.

மருந்தடித்துவிட்டுப் போனால் மூன்று வாரம் நிம்மதி. நாலாம் கிழமை ஒன்று வரும். ஆறாம் கிழமை குடும்பமாக வரும்.

செல்வமலரின் பயம் கரப்பொத்தானோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அவளுடைய ஒரே மகள் கம்சிகா எட்டு மாதக் கர்ப்பிணி. ஹரோவில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வந்து, முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை இருப்பதாகப் பேச்சு. இன்னும் மூன்று கிழமையில், ஒரு சனிக்கிழமை வருகிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும். பம்ப் இல்லாமல் கடைக்கும் போகமாட்டாள். பார்மசியில் வேலை செய்கிற பிள்ளை, கரப்பொத்தான் எச்சத்தால் தொய்வு கூடும் என்பதும் தெரியும். ஐப்பசியில் தகப்பன் வாய்தவறி ஏதோ உளறியபோது அவள் சொன்னது செல்வமலரின் காதில் இன்னும் நிற்கிறது: "அம்மா, ஐ ஆம் சீரியஸ். ஒரே ஒண்டைக் கண்டாலும் நான் ஹரோவிலேயே நிண்டிடுவன். மாமிட வீடு ஸ்பொட்லெஸ்."

ஹரோச் சம்பந்தியம்மாவின் வீடு அப்படித்தான். அங்கே சோபாவில் இருந்தால் எழும்பும்போது பின்னால் ஒருவர் வந்து துடைப்பார் போல ஒரு கூச்சம் வரும். பேரப்பிள்ளையை முதல் முப்பத்தொரு நாளும் அந்த அம்மா மடியில் போடுவதை நினைக்கச் செல்வமலருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் அவள் செபமாலைமுத்துவிடம் போனாள்.

செபமாலைமுத்து மூன்று வீடு தள்ளி இருந்தவர். பாசையூர்க் கத்தோலிக்கர். தோஹாவில் பத்தொன்பது வருடம் பூச்சி ஒழிக்கிற கொம்பனியில் மேற்பார்வையாளர். மனைவிக்குக் கெயர் ஹோம் விசா கிடைக்க அவரும் கூட வந்து, இப்போது சாமான் கிடங்கொன்றில் ஷிப்ட் வேலை. பஸ் தரிப்பில் அவரைக் கண்டதும் செல்வமலர் குடையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு தொடங்கினாள்.

"தம்பி, எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டில இந்தக் கரப்பொத்தான் தொல்லையாம். போகுதாம், திரும்ப வருதாம்."

"அப்பிடியோ அக்கா. அந்த வீட்டில நீங்களும் இருக்கிறீங்களோ?"

செல்வமலர் குடையைத் தாழ்த்தினாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, ராசா."

"நான் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன," என்றார் செபமாலைமுத்து. அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. நல்ல மனிதர்.

ஞாயிறு பூசை முடிந்து, வெள்ளைச் சேட்டோடு, கையில் ஒரு ரோர்ச்சும் பையும் கொண்டு வந்தார். அடுப்பை இழுத்துப் பார்த்தார். பிரிட்ஜுக்குப் பின்னால் படுத்துப் பார்த்தார். சிங்குக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டே பேசினார். சபாரத்தினத்தார் மூன்றாவது படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மருந்தடிச்சா அதுகள் செத்ததிலும் பார்க்கச் சிதறினதுதான் கூட. ஒரு கூடு நாலு கூடாகும். உங்களுக்குக் கட்டார் கதை சொல்லுறன் அக்கா. அங்க வெளியில நாப்பத்தெட்டுப் பாகை. ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. வனாந்தரத்தில இருக்கிற தாகமெடுத்த பூச்சி பட்டையெல்லாம் ஒருத்தற்ற குசினியைப் பாத்துத்தான் வரும். நாங்கள் முதல் சோத்தைப் பூட்டி வைச்சம். பிரயோசனமில்லை. சோறு இல்லாமல் அதுகள் ஒரு மாதம் கிடக்கும். தண்ணி இல்லாமல் ரெண்டு கிழமை தாங்காது. தண்ணியை நிப்பாட்டினால் வீடு தன்ர பாட்டில சுத்தமாகும்."

"இஞ்ச எங்க தம்பி வனாந்தரம்? நாள் முழுக்க மழை."

"அதுகளுக்கு இதுவும் வனாந்தரம்தான். வெளியில குளிர், சீவிக்கேலாது. உள்ளுக்கு நீங்கள் ஹீற்றிங்கை இருவத்துநாலில போட்டு வைச்சிருக்கிறீங்கள். ஒரு கரப்பொத்தான் வேற என்ன கேக்கும்?"

அன்று தொடங்கியது வறட்சி. சிங்கைத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பிழிந்து வெளியே கொண்டுபோய்க் காயப்போடவேண்டும். தண்ணீர் போகிற துவாரமெல்லாம் அடைப்பு. பிரிட்ஜுக்குக் கீழே உள்ள தட்டை ஒவ்வொரு நாளும் துடைக்கவேண்டும். ஜன்னலில் நின்ற கறிவேப்பிலைச் செடி ஸ்ட்ரெதத்தில் ஒரு சிநேகிதி வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. குழாய் சுவருக்குள் போகிற இடமெல்லாம் இரும்பு நார் அடைத்து, மேலே சிலிக்கோன் பூசினார் செபமாலைமுத்து. கீல்களின் ஓரத்தில் கடுகளவு கடுகளவாக மருந்துப் பசை வைத்தார். சபாரத்தினத்தார் முகம் கழுவிவிட்டு பேசினைத் துடைக்க மறந்தால் வீட்டில் விசாரணை நடக்கும். பாலைவனத்தில் ஒட்டகம் வைத்திருக்கிறவர்கள் கூட இவ்வளவு கட்டுப்பாடாகத் தண்ணீர் பாவிக்கமாட்டார்கள்.

கடைசியாக அவர் ஆறு அட்டைகளை எடுத்தார். ஒட்டுகிற அட்டைகள். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் நம்பர் போட்டார். ஒன்று சிங்குக்குக் கீழே, இரண்டு அடுப்புக்குப் பின்னால், மூன்று பிரிட்ஜ், நாலு கீழ் ரொயிலற், ஐந்து மாடியில் படி முடிகிற இடம், ஆறு குளியலறை.

"இதுதான் எனக்குச் சாட்சி. எந்த அட்டையில கூட ஒட்டுதோ, அந்தப் பக்கம்தான் கூடு. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து பாப்பன்."

ஐந்தாம் அட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், எதிரே மூடியிருந்த கதவைப் பார்த்தார். கதவில் வெள்ளிப் பிள்ளையார் ஒட்டியிருந்தது. மாவிலைத் தோரணம்.

"சாமி அறை," என்றாள் செல்வமலர். குரல் கொஞ்சம் அவசரமாக வந்தது. "அதுக்குள்ள ஒண்டும் இல்லைத் தம்பி."

"ஐயோ, வேண்டாம் அக்கா. நான் காலமை மீனும் சாப்பிட்டனான். நான் அதுக்குள்ள வரக்கூடாது." அவர் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தார். அவருக்கு அது மரியாதை. அவளுக்கு அது ஆறுதல்.

அறை என்று பேர்தான். சுடுதண்ணீர் சிலிண்டர் நிற்கிற அலுமாரி அது. வீடு வாங்கிய வருடம் சபாரத்தினத்தார் சிலிண்டருக்கு முன்னால் பலகை அடித்து, தட்டுப் போட்டு, மாபிள் ஒட்டி, சாமி வைத்தார். சுவாமிக்குக் குளிராது என்று அப்போது எல்லோரும் மெச்சினார்கள். அங்கேதான் அந்தக் கும்பம் இருந்தது.

கம்சிகாவுக்கு இதற்கு முன்னர் இரண்டு கரு தங்கவில்லை. ஒன்று பத்தாம் கிழமை, மற்றது பதினாலாம் கிழமை. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் கம்சிகா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள், அன்று முழுக்கத் திரும்பவில்லை. மூன்றாவது தங்கியது என்று தெரிந்த வெள்ளிக்கிழமை செல்வமலர் ஒரு தட்டில் அரிசி பரப்பி, அதன்மேல் செம்புக்குடம் வைத்து, தண்ணீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்தாள். பிள்ளை முழுசாகக் கையில் வரும்வரை இந்தக் கும்பத்தைச் சரிக்கமாட்டேன், அசைக்கவும் மாட்டேன் என்று நேர்ந்துகொண்டாள். எந்த ஐயரும் அப்படிச் சொல்லவில்லை. அவளாகவே போட்ட சட்டம். வெள்ளிக்கு வெள்ளி தேங்காயை மட்டும் மாற்றி, குறைந்த தண்ணீரை ஊற்றி நிரப்புவாள். சிந்துவது அரிசிக்குள் போகும். பக்கத்தில் கற்கண்டு, பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் பால். கண்ணை இறுக்க மூடிக் கும்பிடுவாள்.

வறண்ட வீட்டில் ஒரேயொரு இடத்தில் தண்ணீர் இருந்தது, இனிப்பு இருந்தது, சூடும் இருட்டும் இருந்தது. செல்வமலர் முட்டாள் அல்ல. செபமாலைமுத்து தண்ணீர் என்று சொன்ன கணத்திலேயே அவளுடைய மனம் அந்தக் குடத்தடிக்குப் போய், தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்துவிட்டது. கரப்பொத்தான் வந்தால் மகள் வரமாட்டாள். குடத்தை அசைத்தால்? அந்தக் கேள்வியை அவள் முடிப்பதில்லை.

முதல் ஞாயிறு, விடிய எழும்பி ஐந்தாம் அட்டையைப் பார்த்தாள். நிறைந்திருந்தது. பெரியது, சிறியது, வாலில் முட்டைப்பை தூக்கியது. எல்லாம் சாமி அறைப் பக்கத்து ஓரத்தில். சில இன்னும் கால் அசைத்தன. அட்டையைப் பேப்பரில் சுற்றி, மேலங்கிக்குள் மறைத்து, நாலு வீடு தள்ளிப் போய், யாருடையதோ குப்பைத் தொட்டிக்குள் போட்டாள். செபமாலைமுத்து விட்டுப்போன மிச்ச அட்டைகளிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, அவருடைய எழுத்துப் போலவே 5 போட்டு வைத்தாள். எதிர்வீட்டுக் கமரா ஒன்றையும் விடாது என்பது அவளுக்கு அந்த நேரம் நினைவில்லை.

செபமாலைமுத்து வந்து அட்டைகளைக் கையில் ஏந்திப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"சிங்கடியில மூண்டு. அடுப்பில ரெண்டு. மேல ஒண்டுமே இல்லை. அப்பிடியெண்டா கூடு கீழதான். ஆனா கீழ ஒரு ஈரமும் இல்லையே." அவர் அவளைப் பார்த்தார். "எங்கேயோ தண்ணி இருக்கு அக்கா. எங்கேயோ அதுகளுக்கு ஆரோ தண்ணி வாக்கினம்."

"ஆர் தம்பி வாக்கிறது?" என்றாள் செல்வமலர். இரண்டாம் ஞாயிறும் அப்படியே நடந்தது.

இதற்குள் இன்னொரு காரியம் செய்திருந்தாள். கம்சிகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை அடுக்கி முடித்தபோது, இவள் அதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். குழந்தையின் முதல் சட்டைகள், சின்னத் தொப்பி, காலுறை, வெள்ளைப் போர்வை எல்லாம் இருக்கிற பை. இருபத்தொரு நாள் சாமிக்கு முன்னால் இருக்கட்டும் என்று, கண்ணை மூடிக்கொண்டே கும்பத்தோடு ஒட்டி வைத்தாள்.

வியாழக்கிழமை பின்னேரம் மருமகன் றஜீவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான்.

"மாமி, கம்சிக்கு பிரஷர் கொஞ்சம் கூடவாம். எந்த நேரமும் அட்மிற் பண்ணுவினமாம். பாக் காருக்குள்ள இருக்கட்டும் எண்டு மிட்வைஃப் சொன்னவ. நீங்கள் பயப்பிடாதேங்கோ. சனிக்கிழமை இஞ்ச கூட்டிக்கொண்டு வாறன்தான்."

பயப்படாதேங்கோ என்று சொன்னால் யார் பயப்படாமல் இருக்கிறார்கள்? செல்வமலர் ஓடிப்போய்க் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டு, பையில் திருநீறு பூசி, தூக்கிவந்து கொடுத்தாள். அவன் தேத்தண்ணியும் குடிக்கவில்லை. கார் தெருமுனையில் திரும்பியது.

சாமி அறைக் கதவைச் சாத்தப் போனவள், பை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

மாபிளில் பையின் அச்சு நீள்சதுரமாக இருந்தது. அதற்குள் மிளகுத்தூள் கொட்டியதுபோலக் கரும்புள்ளி. மூன்று முட்டைப்பை, அவரைக்கொட்டை மாதிரி மண்ணிறத்தில். ஒன்று வெடித்து வெறுமையாகக் கிடந்தது. அதிலிருந்து வந்தவை, எள்ளளவில், விளக்கு வெளிச்சம் பட்டதும் நாலு பக்கமும் ஓடின. ஓடிப்போன இடம் அரிசித் தட்டு.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பை. சிப் பாதி திறந்திருந்தது. அந்தத் தொப்பிக்குள், அந்தக் காலுறைக்குள். பிரசவ அறைக்குள். பிறந்த பிள்ளையின் கழுத்துக்குள்.

கீழே வந்து போனைத் தூக்கினாள், வைத்தாள், தூக்கினாள். சொன்னால் மகள் வரமாட்டாள். ஹரோவில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, சிலவேளை பையில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். சிலவேளை.

"என்ன மலர், பேயறைஞ்ச மாதிரி?" என்றார் சபாரத்தினத்தார்.

"முத்துத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இப்பவே. சப்பாத்தைப் போடுறன், தொப்பியைத் தேடுறன் எண்டு நிக்காதேங்கோ."

அவர் வீட்டுச் செருப்போடு ஓடினார். அவள் றஜீவனை அழைத்தாள்.

"தம்பி, எங்க நிக்கிறீங்கள்?"

"ஸ்ட்ரெதத்தில ட்ராபிக் மாமி."

"அந்தப் பாக்கைத் திறக்கவேண்டாம். வீட்டுக்குள்ள கொண்டுபோகவேண்டாம். அதுக்குள்ள கரப்பொத்தான் இருக்குமப்பன்."

"மாமி, அது எனக்குப் பக்கத்து சீற்றில பெல்ற் போட்டு இருக்கு," என்றான் றஜீவன். குரல் ஒரு கட்டை மேலே போயிருந்தது. பிறகு கார்க் கதவு அடிபடுகிற சத்தம், யாரோ திட்டுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். "சிக்கன் கடை வாசலில இறக்கி வைச்சிட்டன். மாமி, கம்சிக்கு நீங்களே சொல்லுங்கோ. என்னால ஏலாது."

அவள் மகளை அழைத்தாள். ஒரே மூச்சில் சொன்னாள், இடையில் நின்றால் திரும்பத் தொடங்கமாட்டாள் என்று தெரியும். ஐப்பசி, மருந்தடித்தது, அட்டை மாற்றியது, பை, எல்லாம்.

"எங்க இருந்து வருது அம்மா?"

செல்வமலர் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா. எங்க இருந்து?"

"சாமி அறை. கும்பத்துக்குக் கீழ."

திட்டு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கம்சிகா அந்தக் கும்பத்துக்கு 'அம்மாட அக்வேரியம்' என்று பேர் வைத்துச் சிரித்தவள். இப்போது பத்து வயதுப் பிள்ளையின் குரலில்:

"நீங்க அதைத் தூக்கேல்லைத்தானே?"

"இல்லை."

"தூக்காதேங்கோ அம்மா. ப்ளீஸ். இன்னும் ஃபோர் வீக்ஸ்தானே. நான் வாறன். சட்டர்டே நான் வாறன், ப்ரொமிஸ். பம்ப் இருக்கு, எனக்கு ஒண்டும் ஆகாது. நீங்க அதை மட்டும் தொடாதேங்கோ."

செல்வமலர் படியில் உட்கார்ந்தாள். படித்த பிள்ளை, மருந்துக் கணக்குத் தெரிந்த பிள்ளை, இவ்வளவு நாளும் சிரித்துக்கொண்டே அதே பயத்தை வயிற்றோடு சுமந்திருக்கிறது. கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. மகள் வருகிறாள். கும்பமும் இருக்கும். சுவருக்குள் இருக்கிறவையும் இருக்கும். மேலே போடப்போகிற தொட்டிலுக்கும் சாமி அறைக் கதவுக்கும் இடையில் ஆறடி. பிள்ளை பால் குடிக்கிறபோது தாய்க்கு இழுக்கத் தொடங்கினால்?

"கம்சி, நீ வராதே," என்றாள்.

"வாட்?"

"ஹரோவிலேயே நில். மாமி நல்லாப் பாப்பா. இந்த வீடு இப்ப உனக்குக் கூடாது. போனை வைக்காதே, கையை வயித்தில வைச்சுக்கொள்ளு."

"அம்மா, நோ. அம்மா!"

செபமாலைமுத்து அவளோடு படியேறி வந்து ஐந்தாம் அட்டைக்குப் பக்கத்தில் நின்றார். வாசலுக்கு வெளியேதான். கதவு திறந்திருந்தது. அவர் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கோபம் வந்திருக்கவேண்டும், முகம் அப்படி இல்லை.

"நான்தான் பிழை அக்கா. அண்டைக்கே கேட்டிருக்கவேணும். மரியாதை எண்டு விட்டிட்டன்."

"உள்ளுக்கு வாங்கோ தம்பி."

"மீன் சாப்பிட்டனான்."

"வாங்கோ எண்டுறன்."

அவர் சப்பாத்தையும் கழற்றி, காலுறையையும் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். கையில் ஒரு கறுப்புப் பை, தோளில் வாக்கூம்.

போன் செல்வமலரின் கார்டிகன் பைக்குள் லவுட் ஸ்பீக்கரில் கிடந்து "தொடாதேங்கோ, தொடாதேங்கோ" என்று அழுதுகொண்டிருந்தது. அவள் குடத்தைப் பிடித்தாள். சிலிண்டரின் சூட்டில் செம்பு உடம்புச் சூடாக இருந்தது, உயிருள்ள ஒன்றைத் தொடுவதுபோல. ஏழு மாதம். தண்ணீர் தளும்பி விரலில் பட்டது.

தூக்கினாள். கீழே அரிசி அசைந்தது.

வெள்ளையாக இருந்தது கறுப்பானது. கறுப்பானது பிரிந்து ஓடியது. படியில் நின்ற சபாரத்தினத்தார் ஒரு சத்தம் போட்டார், அதை எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லமாட்டார். செபமாலைமுத்து தட்டோடு சேர்த்துக் கறுப்புப் பையை மூடி முடிச்சுப் போட்டு, வாக்கூமைப் பலகை இடுக்கில் வைத்தார். "போங்கோ அக்கா, நீங்கள் வெளியில போங்கோ. இது என்ர வேலை."

குடத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கி, பின்கதவைத் திறந்து, தோட்டத்துக்குப் போனாள். உறைபனி. காலில் காலுறை மட்டும். பக்கத்து வீட்டு மாடியில் ஒரு திரை விலகியது. விலகட்டும்.

"கம்சி, உதைக்குதோ?"

பைக்குள்ளிருந்து அழுகை மட்டும் வந்தது.

"பிள்ளை, உதைக்குதோ எண்டு கேக்கிறன்."

"இல்லை." அழுகை நின்றுபோன குரல். "அம்மா, இல்லை. அசையேல்லை."

தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது. ஊற்றாமல் உள்ளே திருப்பிக் கொண்டுபோகவும் இடமில்லை. செல்வமலர் குடத்தைச் சரிக்காமல், நிலத்தில் வைக்காமல், புல்லின் நடுவில் நின்றாள். மாவிலை ஒன்று நழுவி விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கவும் பயம்.

"இடப்பக்கம் சரிஞ்சு படு. குளிர் தண்ணி ஒரு வாய் குடி."

ஹரோவில் யாரோ கிளாஸ் கொண்டுவருகிற சத்தம் கேட்டது. சம்பந்தியம்மாவின் குரல், "மெல்ல மெல்ல, என்ர பிள்ளை" என்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மாடியில் வாக்கூம் இரைந்துகொண்டிருந்தது. செல்வமலருக்கு விரல்கள் மரத்துப்போயின. இதற்கு முன்பு இரண்டு முறை போன் வந்தபோதும் இப்படித்தான் முதலில் ஒரு மௌனம் வந்தது.

"அம்மா."

"சொல்லு."

"இப்ப உதைச்சது."

"வடிவாப் பார். உண்மையாவோ?"

"உண்மையா. மாமியும் கை வைச்சுப் பாத்தவ."

செல்வமலர் குடத்தைச் சரித்தாள். தண்ணீர் உறைந்த புல்லில் விழுந்து மெல்லிய ஆவி கிளம்பியது. கடைசிச் சொட்டுவரை பிடித்திருந்தாள்.

சபாரத்தினத்தார் பின்கதவில் நின்று, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

அவள் கையைத் தூக்கி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். போனை எடுத்துக் காதோடு அழுத்தினாள்.

"வைக்காதே பிள்ளை," என்றாள். "இன்னொருக்கா உதைக்கட்டும்."